அலங்காரம் என்று நான் எழுதிய விட்டம்

நான் குடிக்காதவன். ஆபிஸ் பார்ட்டிகளில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் சோடாவைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்தை ஓட்டத் தெரிந்தவன். அப்படிப்பட்டவனுடைய முப்பத்தொரு வருட வேலையில் மறக்க முடியாத கட்டடம் எது என்று கேட்டால் ஒரு மதுக்கடையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்டவள் சௌமியா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேஜைக்கு வந்த பொறியாளர். போன மாதம் இங்கே டெக்சஸில், பிளானோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் பார்த்தபோது ஆபிஸில் வந்திருக்கும் புது மென்பொருளைப் பற்றிச் சொன்னாள்.

"ஒவ்வொரு பீமுக்கும் நோட் தானா வந்துடும் அங்கிள். 'தாங்குவது', 'அலங்காரம்'னு ரெண்டு ஆப்ஷன். கிளிக் பண்ணினா போதும்."

"தப்பா கிளிக் பண்ணிட்டா?"

"அதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க?" என்று சிரித்தாள்.

ஒருவர் படிப்பார். அவர் கையில் ரம்பம் இருக்கும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்து வேலைக்கு வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். கோயமுத்தூரில் சிவில் எஞ்சினியரிங். தொண்ணூறில் நியூ ஜெர்சியில் மேற்படிப்பு. பிளெய்ன்ஸ்பரோவில் நாலு பேர் சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட், ஒரே குக்கர். முதல் மூன்று வருடம் கார் நிறுத்தும் அடுக்குமாடிகளைத் தவிர வேறு எதையும் நான் வரையவில்லை. அதன் பிறகு டெக்சஸ். சுற்றியிருந்த தமிழர்கள் எல்லாம் கம்ப்யூட்டர்களில் இரண்டு இலக்க வருடத்தை நாலு இலக்கமாக்கும் திருப்பணியில் இருந்தார்கள். நான் சிவில் என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடும். "பரவால்ல, அதுலயும் கிரீன் கார்டு குடுக்கறாங்கல்ல?" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். குடுக்கிறார்கள்தான். ஆனால் விண்ணப்பித்த கம்பெனியிலேயே காத்திருக்க வேண்டும். நடுவில் வேலை போனால் பரமபதத்தில் பெரிய பாம்பின் வாயில் விழுந்த மாதிரி, முதல் கட்டத்திலிருந்து.

நான் காத்திருந்தது வால்டர் என்பவரிடம். பன்னிரண்டு பேர் வேலை செய்த சிறிய நிறுவனம் அது. வரைபடங்களில் விழும், உரிமம் பெற்ற பொறியாளரின் முத்திரை அவருடையது. அவர் வரைபடத்தை உட்கார்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. சுவரில் ஒட்டச் சொல்வார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கூரையின் உச்சியில் விரலை வைப்பார். "இந்த ஓட்டோட எடை எங்க போகுது?" என்பார். கைமரத்துக்கு என்பேன். "அப்புறம்?" விட்டத்துக்கு. "அப்புறம்?" தூணுக்கு. இப்படி விரல் தரைக்கு வரும்வரை 'அப்புறம்?' ஓயாது. எங்கேயாவது நாம் ஒரு விநாடி யோசித்தால், திட்டமாட்டார். வரைபடத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

தொண்ணூற்றெட்டில் எங்களுக்கு ரிக் என்ற பெரிய வாடிக்கையாளர் கிடைத்தார். தொலைபேசி சம்பந்தமான ஏதோ மென்பொருள் கம்பெனியின் முதலாளி. அது என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அங்கே வேலை பார்த்த இரண்டு தமிழர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் புரியவில்லை. பங்கு விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பிளானோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் மாட்டுக்குப் புல் வளர்த்த நிலத்தை வாங்கிப் புது அலுவலக வளாகம் கட்டினார்.

அந்த ரிக் இரண்டாவது தேனிலவுக்கு இங்கிலாந்து போனார். அங்கே சாலையை அகலப்படுத்த ஒரு பழைய பப்பை இடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைப்பதற்குள் விலை பேசி முடித்துவிட்டார். நானூறு வருடக் கட்டடம். கழற்றி, கன்டெய்னரில் ஏற்றி, டெக்சஸில் தன் வளாகத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. "கேம்பஸ்லயே பப் இருந்தா ஆளுங்க வீட்டுக்கே போகமாட்டாங்க" என்று எங்களிடம் மனம் திறந்து சொன்னார்.

கன்டெய்னர்களோடு டெரெக்கும் வந்தார். அறுபது வயதுத் தச்சர், இங்கிலாந்துக்காரர். பழைய மரக்கட்டடங்களைக் கழற்றி மாட்டுவதுதான் அவருடைய தொழில். வந்த முதல் நாளே புல்லின் மேல் மரங்களைப் பரப்பினார். பார்க்க, ஏதோ பெரிய மிருகத்தின் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்து அடுக்கிய மாதிரி இருந்தது.

கட்டடமே எலும்புக்கூடுதான். ஓக் மரத் தூண்கள், அவற்றின் தலையில் குறுக்கே ஒரு பெரிய விட்டம், விட்டத்தின் இரு முனைகளிலிருந்து எழுந்து உச்சியில் சேரும் இரண்டு கைமரங்கள். இது ஒரு சட்டம். இப்படி நாலு சட்டங்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு நீண்ட கூடம். இடைவெளிகளில் குச்சிப் பின்னலும் களிமண்ணும் சுண்ணாம்புப் பூச்சும். ஓர் இரும்பு ஆணி கிடையாது. ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்திருந்தார்கள். மூட்டுகளில் உளியால் வெட்டிய கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று என்று பழைய ரோமன் எண்கள். இரண்டு கோடு இரண்டு கோட்டோடுதான் சேரும். தரையில் ஒருமுறை பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். கான்கிரீட்டைத் தவிர எதையும் அறியாத நான் ஒரு மதியம் முழுக்க அந்தக் கோடுகளைத் தடவிக்கொண்டு திரிந்தேன்.

"இந்த விட்டம் எதுக்குன்னு தெரியுமா?" என்று டெரெக் கேட்டார்.

"கூரையைத் தாங்க."

"இல்ல. கைமரம் ரெண்டும் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். கால் அகட்டி நிக்கிறவன் மாதிரி. ரெண்டு காலும் வழுக்கிடாம இழுத்துப் பிடிக்கிறதுதான் இது."

அதைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதி எண்பத்தேழு மார்க் வாங்கியவன் நான். அன்றைக்குத்தான் புரிந்தது.

ரிக்குக்கு ஒரு பாரம்பரிய ஆலோசகரும் இருந்தார். அந்த அம்மாள் அதற்கு முன் இத்தாலியக் கிராமம் போன்ற கடைவளாகங்களையும் கடற்கொள்ளையர் கப்பல் போன்ற மீன் உணவகங்களையும் வடிவமைத்தவர். கூரையின் உள்பக்க மரங்கள் கரிபிடித்திருந்தன. புகைபோக்கி இல்லாத காலத்தில் கூடத்தின் நடுவில் நெருப்பு மூட்டிய புகை அது, கட்டடத்தின் வயதுக்கு அதுதான் அத்தாட்சி என்று டெரெக் விளக்கிச் சொன்னார். அம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் ஆள் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கரியைக் கழுவிவிட்டார். அதற்கடுத்த வாரம் 'பழைய புகை' என்ற பெயரில் ஒரு சாயத்தை அதே மரங்களில் தெளிக்க வைத்தார்.

வெளிப்பக்க மரங்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். "இது ஒருநாளும் கறுப்பா இருந்ததில்ல. சாம்பல் நிறம்தான். கறுப்பெல்லாம் பிற்காலத்து நாகரிகம்" என்றார் டெரெக். ரிக் விளம்பரத் தாளை நீட்டினார். அதில் பப் கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது. "எங்க ஊழியர்களுக்கு நான் வாக்குக் கொடுத்துட்டேன்" என்றார். நானூறு வருடத்தை விட விளம்பரத் தாளுக்கு வயது அதிகம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் சிரிப்புக்கு. இனி என் பங்கு.

கட்டட விதிப்படி எடையைத் தாங்கும் ஒவ்வொரு மரத்திலும் தர முத்திரை இருக்க வேண்டும். இந்த ஓக் மரங்களில் எந்த மர ஆலையின் முத்திரை இருக்கும்? நானூறு வருடம் விழாமல் நின்றது விதிக்குப் போதாது. பல்கலைக்கழகத்திலிருந்து மர நிபுணர் ஒருவரை அழைத்துத் தரம் பிரித்துச் சான்று வாங்கலாம், ஒரு வாரம் ஆகும் என்றார் வால்டர். ஒரு வாரமா, முடியவே முடியாது என்றார் ரிக். கடைசியில் ஒரு வழி பிடித்தோம். ஒவ்வொரு மரச்சட்டத்தையும் ஒட்டி ஓர் இரும்புச் சட்டம் நிறுத்துவது. எடை முழுவதும் இரும்பின் மேல். ஓக் மரங்கள் சும்மா கூட நிற்கும். வரைபடத்தில் அவற்றின் பக்கத்தில் ஒரு குறிப்பை நானே எழுதினேன்: 'அலங்காரம். எடை தாங்காது.' அன்றைய தேதிக்கு அது உண்மைதான். வால்டரும் விரலை ஓட்டிப் பார்த்து முத்திரை போட்டார்.

பிறகு வால்டர் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் விடுப்பில் போனார். அந்தச் சமயத்தில் மாற்றங்களின் பட்டியல் ஒன்று என் மேஜைக்கு வந்தது. 'நிறமும் அழகும்' என்று தலைப்பு. விளக்குகளின் நிறம், நாற்காலித் துணி, கழிவறைக் கைப்பிடி. பதினாலாவது வரி: கூடத்தின் நடுவில் உள்ள இரண்டு இரும்புச் சட்டங்கள் பாரம்பரியத் தோற்றத்தைக் கெடுப்பதால் நீக்கப்படுகின்றன.

கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். கணக்குப் போட்டும் பார்த்தேன். ஓக் மரங்களே எடையைத் தாராளமாகத் தாங்கும் என்று வந்தது. அப்படியானால் அவை அலங்காரம் அல்ல. குறிப்பை மாற்ற வேண்டும். மாற்றினால் தர முத்திரைப் பேச்சு மறுபடி எழும், ரிக் கத்துவார், வால்டரை மருத்துவமனையில் தொந்தரவு செய்ய வேண்டும். எங்கள் நிறுவனத்தின் பாதி வருமானம் ரிக். என் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதி வழியில். கட்டடம் நிற்கப் போகிறது, ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பட்டியலின் கீழே சம்மதத்துக்கு என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். வால்டர் திரும்பி வந்தபோது சொல்லவில்லை.

சட்டங்கள் நிமிர்ந்தன. இங்கிலாந்திலிருந்தே வந்த சுட்ட ஓடுகள், கனத்த ஓடுகள், கூரையில் ஏறின. டெரெக்கும் நானும் ஒவ்வொரு தூணிலும் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, எது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து என் நோட்டில் எழுதினோம். பழைய கட்டடம் அல்லவா, ஒன்றுகூட நேராக இல்லை. வேலையை முடித்துவிட்டு டெரெக் ஊருக்குப் போனார். திறப்பு விழாவுக்கு விருந்தாளியாக வந்து சேர்ந்தார்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை மாலை. இருநூறு பேர், பெரும்பாலும் பணம் போட்டவர்கள். அன்று காலை பத்து மணிக்கு டெரெக்கைக் காரில் கூட்டிப் போனேன். வாசலில் மேஸ்திரி டக் கதவைக் கழற்றி வைத்து இழைத்துக்கொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர், கட்டுமான ஒப்பந்தக்காரரின் ஆள்.

"இந்த வாரத்துல இது மூணாவது தடவை. நிலையில சிக்குது, இழைக்கிறேன். மறுநாள் மறுபடி சிக்குது. டெக்சஸ் புழுக்கம் உங்க மரத்துக்கு ஒத்துக்கல போல" என்றார்.

டெரெக் நேராக உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். கூடத்தின் கடைசிச் சுவரில் ஒரு கட்டில் அளவுக்குத் தொலைக்காட்சித் திரை மாட்டியிருந்தது. பார்வைக்கு எந்தத் தடையும் இல்லை. இருக்க வேண்டும். மூன்றாவது சட்டத்தின் விட்டம் அங்கே குறுக்கே போக வேண்டும்.

நடுவில் ஏழடி நீளம் இல்லை. வெட்டிய முனைகளுக்கு வார்னிஷ் அடித்து, அழகுக்காக முனைக்கொரு பித்தளை விளக்கு மாட்டியிருந்தார்கள்.

டக் எங்கள் முகத்தைப் பார்த்து மிரண்டுபோனார். "திரையை மறைக்குதுன்னாங்க. நான் கண்ணை மூடிட்டு வெட்டல. டிராயிங் பார்த்தேன்" என்று ஓடிப்போய் வரைபடத்தை எடுத்துவந்து விரித்தார். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அலங்காரம். எடை தாங்காது.

காருக்குப் போய் நோட்டையும் தூக்குக்குண்டையும் எடுத்துவந்தேன். மூன்றாவது சட்டத்தின் வடக்குத் தூண், கட்டிய அன்று வெளிப்பக்கச் சாய்வு முக்கால் அங்குலம். இப்போது இரண்டே கால். தெற்குத் தூணும் அதே மாதிரி. டெரெக் ஏணியில் ஏறித் தூணின் தலையைக் கைவிளக்கால் பார்த்தார். மர ஆணிகள் வளைந்திருந்தன. நாக்கு பிளந்திருந்தது. கதவு ஏன் சிக்கியது என்று இப்போது மூவருக்கும் தெரிந்தது. சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. டக் அதற்குத் தக்கபடி கதவைச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார்.

ரிக் வந்தார், ஆலோசகர் அம்மாளோடு. நான் சாய்வைப் பற்றிச் சொன்னேன்.

"சாய்வா? சாய்வுக்குத்தானே அவ்வளவு செலவு பண்ணினேன்! நேரா வேணும்னா புதுசா கட்டியிருப்பேனே?"

"போன மாசத்துக்கு இப்ப ஒன்றரை அங்குலம் கூடியிருக்கு."

"அப்ப இன்னும் அழகாயிருக்கும்" என்றார் அம்மாள். அவர் கேலி செய்யவில்லை.

"திங்கட்கிழமை சரிபண்ணிக்கலாம். இன்னைக்கு விழா நடக்கும்" என்று ரிக் முடித்துவிட்டார்.

வால்டருக்கு போன் பண்ண வேண்டும். அதற்கு முன் என் மனைவி மல்லிகாவைக் கூப்பிட்டேன். எதற்கு என்று இன்றும் தெரியவில்லை. தைரியம் சொல்வாள் என்று நினைத்திருப்பேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும், விண்ணப்பம் போகும், குழந்தையோடு ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.

"ஏனுங்க, அது உழுந்தா உள்ள இருக்கறவங்க செத்துருவாங்களா?"

"அடியில இருக்கறவங்க போயிருவாங்க."

"அப்பறம் எங்கிட்ட என்னத்தக் கேக்கறீங்க?" என்று வைத்துவிட்டாள்.

வால்டர் கைத்தடியோடு நாற்பது நிமிடத்தில் வந்தார். அன்றும் வரைபடத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். ரிக், அம்மாள், டக், டெரெக் எல்லாரும் நிற்க, விரலைக் கூரை உச்சியில் வைத்தார்.

"ஓட்டோட எடை எங்க போகுது?"

"கைமரத்துக்கு."

"அப்புறம்?"

"விட்டத்துக்கு."

"டிராயிங்ல விட்டம் அலங்காரம்னு இருக்கே. எடை இரும்புக்குத்தான போகணும்?"

"இரும்பு இல்ல. எடுத்துட்டாங்க. நான்தான் சம்மதம் போட்டேன். உங்ககிட்ட சொல்லல. குறிப்பையும் மாத்தல."

அவர் வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கொடுக்கவில்லை. நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஊர்க் கட்டட இன்ஸ்பெக்டருக்கு நீயே போன் பண்ணு. இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு" என்றார்.

ரிக் பக்கத்தில் வந்து, வக்கீல், நஷ்டஈடு, இனி எந்த வேலையும் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வால்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மழை வரும் என்று யாரோ சொல்வதற்குத் தலையாட்டுகிற மாதிரி.

நான் போன் பண்ணினேன். இன்ஸ்பெக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. வந்து என் நோட்டைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், ஒரு நிமிடம் கூட எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் சிவப்புச் சீட்டை ஒட்டினார்: உள்ளே நுழையத் தடை. டெரெக், டக், நான், டக்கின் ஆட்கள் நாலு பேர், இத்தனை பேருக்கு மட்டும் முட்டுக் கொடுக்க அனுமதி.

விழா நிற்கவில்லை. வாகன நிறுத்தத்தில் கூடாரம் போட்டார்கள். ஆகஸ்ட் மாதத்து டெக்சஸ் வெயிலில், பரிமாறுகிறவர்கள் இங்கிலாந்துக் குளிருக்குத் தைத்த கம்பளிச் சட்டையோடு தொப்பலாக நனைந்து நின்றார்கள். நாங்கள் உள்ளே இரும்பு முட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தோம். கைமரங்களுக்கு அடியில் நாலு, சுவர்த் தலைக்கு வெளியிலிருந்து சாய்வாக நாலு. எட்டாவது முட்டின் திருகை டக் இறுக்கினார். "எல்லாரும் வெளிய வாங்க, கொஞ்சம் மூச்சு விடலாம்" என்றார் டெரெக்.

நாங்கள் வாசலைத் தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வடக்குத் தூணின் மர ஆணி அறுந்து, பிளந்த நாக்கு துளையிலிருந்து முழுதாக வெளியே வந்திருந்தது. கூரை அரை அங்குலம் இறங்கி முட்டுகளின் மேல் உட்கார்ந்தது. முட்டுகள் இல்லையென்றால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. தேவைப்படவில்லை.

கூடாரத்தில் அப்போது ரிக் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் விருந்தாளிகள் அது விழாவின் பகுதி என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். டக் மட்டும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் டிராயிங் பார்த்தேன்" என்று அவர் மறுபடியும் சொன்னார். "பார்த்தீங்க. தப்பு என்மேல" என்றேன். அந்த வாக்கியத்தை அதற்கு முன் எந்த வேலை இடத்திலும் நான் சொன்னதில்லை.

சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. டெரெக் பயணச்சீட்டைத் தள்ளிப்போட்டார். ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்கு இரும்புக் கம்பி ஒன்றைக் கட்டி, நடுவில் முறுக்கித் திருகி வைத்தோம். திருகினால் கம்பி குட்டையாகும், சுவர்கள் உள்ளே வரும். அவசரப்பட்டால் மரம் பிளக்கும். ஒரு மணிக்கு ஒருமுறை கால் திருகு. ஒவ்வொரு திருகுக்கும் பிறகு தூக்குக்குண்டு, நோட்டு. ஒன்பது நாள் இப்படி. தூண் பழைய முக்கால் அங்குலச் சாய்வுக்கு வந்ததும் டெரெக் கையை உயர்த்தி, "போதும். நேராக்கிடாதே" என்றார். வெட்டி எறிந்த ஏழடித் துண்டு குப்பையில் கிடைத்தது. அதையே இரும்புப் பட்டைகளால் பழைய இடத்தில் சேர்த்துப் பூட்டினோம். திரை சமையலறைப் பக்கம் போனது.

பல்கலைக்கழக நிபுணரும் வந்தார். மரங்களைத் தட்டினார், துளைத்தார், கணுக்களை எண்ணினார், சான்று எழுதினார். ஆறு நாள். முதலிலேயே கூப்பிட்டிருந்தால் இரும்பும் வேண்டாம், பொய்யும் வேண்டாம்.

ரிக் எங்களை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போனார். நாலு பேருக்கு வேலை போனது. அதில் நான் இல்லை. அந்த நாலு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே ஆபிஸில் இருந்தது நான் எதிர்பார்த்த தண்டனையை விடப் பெரிது. வால்டர் தன்மேலேயே உரிம வாரியத்துக்குப் புகார் எழுதினார். கண்டனக் கடிதம் ஒன்று வந்தது. அதைச் சட்டம் போட்டு, தன் உரிமச் சான்றுக்குப் பக்கத்தில் மாட்டினார். எனக்குத் தாங்கவில்லை. அறைக்குப் போய், "தப்பு பண்ணினது நான், என் பேரைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"முத்திரை யாரோடது?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் வேறு ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

பப் ஒருவழியாகத் திறந்தது. ரிக்கின் ஊழியர்கள் சந்தோஷமாக அங்கே மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். குள்ளமான நிலைப்படிகளில் டெக்சஸ்காரர்கள் தலையை இடித்துக்கொண்டார்கள். இரண்டாயிரத்தொன்றில் கம்பெனி மூழ்கியது. அது என்ன செய்தது என்று கடைசிவரை தெரியாமலே போனது. வளாகத்தைத் துண்டு துண்டாக வாடகைக்கு விட்டார்கள். பப்பை யாரும் சீண்டவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. இலங்கைத் தமிழர்களின் சிறிய திருச்சபை ஒன்றின் போதகர். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தவர்கள், பப்பை மலிவாக வாடகைக்கு எடுக்க நினைத்தார்கள். இடத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். போனேன். போதகரும், சபையின் மூத்தவரான ஓய்வு பெற்ற பெண் டாக்டர் ஒருவரும் காத்திருந்தார்கள். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தேன். ஒரு நூல்கூட நகரவில்லை.

போதகர் தயங்கினார். "ஐயா, கட்டடம் பலமெண்டு விளங்குது. ஆனா எங்கட ஆக்களுக்கு வேற ஒரு யோசினை. சாராயம் வித்த இடமெல்லே? அதில எப்பிடி ஆராதனை எண்டு கேக்கினம்."

"இங்க விக்கல" என்றேன்.

"என்ன சொல்லுறியள்? பப் எண்டெல்லே போட்டிருக்கு?"

"இந்த ஊர்ல மது விக்கத் தடைங்க. சின்ன ஊர், பழைய சட்டம். அனுமதி கேட்டு ரிக் மனு போட்டாரு. அது முடிவாகறதுக்குள்ள கம்பெனி முடிஞ்சுபோச்சு. ரெண்டு வருசமும் இங்க ஐஸ் டீதான் ஊத்துனாங்க."

டாக்டரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப நாங்கள்தான் முதன்முதல் வைன் ஊத்தப் போறம், திருவிருந்துக்கு" என்றார்.

எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். கணக்குப் போட்டு நூற்றிருபது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குள் எனக்கு உரிமம் வந்திருந்தது. அந்தத் தாளில் விழுந்தது என் முத்திரை. அதை அச்சடித்து வாசலில் ஒட்டினார்கள்.

முதல் ஞாயிறு ஆராதனைக்கு அவசியம் வர வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எதிர்பார்த்ததற்கு மேல் கூட்டம். ஹூஸ்டனிலிருந்தெல்லாம் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பாட்டுத் தொடங்கப் போகிற நேரம், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன் வரிசையிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். குழந்தைகளை விடவில்லை. முடித்தபோது, என்னையும் சேர்த்து, நூற்றிருபத்தொன்று. சந்தேகமாக இருந்ததால் பின்னாலிருந்தும் எண்ணினேன். நூற்றிருபத்தொன்றேதான்.

சத்தமில்லாமல் எழுந்தேன். கதவு சிக்காமல் திறந்தது. வெளியே வந்து, வெயிலில், கார்களுக்கு நடுவே நின்று மீதி ஆராதனையைக் கேட்டேன்.